மயில்கழுத்து நிறம் எங்கே இருக்கிறது?



பெருநாளைக்குத் துணி எடுக்கப் புடைவைக் கடைக்குப் போனால் நீங்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. கடைக்காரர் விரித்துப் போட்டதை உள்ளே எரியும் மின்விளக்கின் வெளிச்சத்தில் பார்த்து மட்டும் முடிவெடுக்க மாட்டீர்கள். “கொஞ்சம் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கட்டுமா?” என்று கேட்டு வாசலுக்கு வருவீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை விரித்து, மடித்து, திருப்பிப் பார்ப்பீர்கள். உள்ளே கறுப்பாகத் தெரிந்தது வெளியே கருநீலமாக இருக்கும். உள்ளே பொருத்தமாகத் தெரிந்த கரை வெளியே ஒட்டாமல் நிற்கும். யாரும் உங்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. துணியின் நிறத்தைத் துணி மட்டும் தீர்மானிப்பதில்லை, அதன்மீது விழும் ஒளியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதை அனுபவத்தால் விளங்கி வைத்திருக்கிறீர்கள்.

இந்த ஓர் உண்மையை மனதில் வைத்துக்கொண்டால், பறவைகளைப் படம் பிடிக்கும் கலையில் பாதியைக் கற்றுவிட்டீர்கள் என்றே சொல்லலாம்.

இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு குறைவு. நல்ல கமரா வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் வளவில் வந்து அமரும் குருவிகளைப் படம் பிடிக்கிறார்கள். “தேன்சிட்டு கண்ணுக்கு மின்னியது, படத்தில் கரிக்கட்டி மாதிரி வந்திருக்கிறது. கமரா சரியில்லையா?” என்று எனது மாணவிகளும் சில தாய்மாரும் பல தடவை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியின் முடிவு பெரும்பாலும் செலவில் போய் நிற்கிறது. தவணைக்குப் பெரிய லென்ஸ் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. சில இடங்களில் அதைவிட மோசமான முடிவும் ஏற்படுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

(உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பது பற்றி அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகள் தனியாகப் பேச வேண்டிய விடயம். இங்கே ஒளியைப் பற்றி மட்டும் கதைப்போம்.)

மயிலிறகும் ஒரு துணியும்

965ஆம் ஆண்டு பஸ்ராவில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னுல் ஹைதம். ஒளியைப் பற்றி அவர் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று அவருக்கு முன்னிருந்த பலர் நம்பினார்கள். அவரோ, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே பார்க்கிறோம் என்று பரிசோதனைகள் மூலம் நிறுவினார். ஒளி மாறும்போது நிறமும் மாறித் தெரிகிறது என்பதற்கு அந்நூலில் அவர் இரண்டு உதாரணங்களைக் காட்டுகிறார். ஒன்று மயிலின் இறகு. மற்றது ‘அபூ கலமூன்’ என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட ஒரு துணி. இவை இரண்டும் பகலின் வெவ்வேறு நேரங்களில், விழும் ஒளிக்கு ஏற்ப, வெவ்வேறு நிறமாகத் தோன்றுகின்றன என்பது அவருடைய அவதானம்.

அபூ கலமூன் நமக்கு அந்நியமான பொருளல்ல. நமது பெண்கள் ‘மயில்கழுத்து நிறம்’ என்று சொல்லும் பட்டைப் போன்றது அது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்த அறிஞர் மயிலையும் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நமது மொழியும் அதே இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருக்கிறது.

இங்கே ஒரு விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘கமரா’ என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்று சிலர் மேடைகளில் பேசுவதுண்டு. அது சரியல்ல. ‘அறை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அது வந்தது. சிறு துவாரம் வழியாக இருட்டறைக்குள் வரும் ஒளியை வைத்துச் சூரிய கிரகணத்தின் வடிவத்தை ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம் என்பது உண்மை. அந்த உண்மையே போதிய சிறப்பு. அதற்கு மேல் இல்லாத பெருமையைச் சேர்க்கத் தேவையில்லை.

சாயமும் கட்டமைப்பும்

பறவையின் நிறம் இரண்டு வழிகளில் உண்டாகிறது. இதை விளங்கிக்கொண்டால் தேன்சிட்டு ஏன் கரிக்கட்டியாக மாறியது என்பதும் விளங்கிவிடும்.

முதலாவது வழி நிறப்பொருள். துணிக்குச் சாயம் ஏற்றுவது போல இறகில் நிறப்பொருள் சேர்ந்திருக்கும். காகத்தின் கறுப்பும் புலுனியின் மண்ணிறமும் மெலனின் என்ற பொருளால் வருபவை. மாங்குயிலின் மஞ்சள் கரோட்டினொயிட் என்ற பொருளால் வருகிறது. பறவை இதைத் தானாக உண்டாக்குவதில்லை, உணவிலிருந்தே பெறுகிறது. மன்னார்ப் பக்கம் வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் அவை தின்னும் சிறு நீர் உயிர்களிலிருந்து வந்ததே. இப்படிப்பட்ட நிறம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிதாக மாறாது. மங்கலான வெளிச்சத்தில் மங்கும், நல்ல வெளிச்சத்தில் துலங்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது வழி இறகின் கட்டமைப்பு. மீன்கொத்தியின் முதுகை அரைத்துப் பார்த்தாலும் அதற்குள் நீலச் சாயம் கிடைக்காது. அந்த இறகிழைகளுக்குள்ளே கடற்பஞ்சு போல மிக நுண்ணிய காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்கு அளவுதான் ஒவ்வொன்றும். அவை நீல ஒளியை மட்டும் பலமாகத் திருப்பி அனுப்புகின்றன. தேன்சிட்டின் கழுத்திலும் மயிலின் தோகையிலும் இன்னொரு ஒழுங்கு இருக்கிறது. அங்கே மெலனின் துணுக்குகள் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக அமைந்து கண்ணாடி போல ஒளியைத் தெறிக்கச் செய்கின்றன. கண்ணாடி எப்படி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வெயிலை நம் முகத்தில் அடிக்கிறதோ, அப்படியே அந்தக் கழுத்தும் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஊதாவாகவோ பச்சையாகவோ பளிச்சிடும். கோணம் தப்பினால் எஞ்சுவது அடியிலுள்ள மெலனினின் கறுப்பு மட்டுமே.

ஆகவே, கரிக்கட்டி போன்ற அந்தப் படத்துக்குக் கமரா காரணமல்ல. ஒளி, பறவை, பார்ப்பவர் ஆகிய மூன்றும் அந்த நேரத்தில் சரியான கோணத்தில் சந்திக்கவில்லை.

வீட்டிலேயே இதைப் பரிசோதிக்கலாம். பல வீடுகளில் பிள்ளைகளின் கொப்பிக்குள் ஒரு மயிலிறகு இருக்கும். அதை ஜன்னலோரம் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கண் போன்ற அந்த வட்டத்தின் நிறங்கள் நகர்வதைக் காண்பீர்கள். பிறகு ஒரு துளி நீரால் நனைத்துப் பாருங்கள், நிறம் மாறிவிடும். 1665இல் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி மயிலிறகை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது இதைத்தான் எழுதி வைத்தார். நனைந்தால் அந்த நிறங்கள் போய்விடுகின்றன, எனவே அவை சாயத்தால் ஆனவை அல்ல என்பதை அவர் கண்டுகொண்டார். வளவில் மீன்கொத்தியின் நீல இறகொன்று விழுந்து கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து இறகின்மேல் விழும்போது அது நீலம். அதே இறகை ஜன்னலுக்கும் கண்ணுக்கும் இடையில் பிடித்து, வெளிச்சம் அதை ஊடுருவி வரும்படி பார்த்தால் நீலம் போய் ஒரு மங்கிய மண்ணிறமே தெரியும்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் நிழல் பறவையை நோக்கி விழ வேண்டும். தேன்சிட்டு போன்ற மின்னும் பறவையானால் ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். செவ்வரத்தைப் பூவில் அது தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் நிறம் வந்து வந்து போகும். வந்த கணத்தில் கிடைத்தால் போதும்.

நிழலை அளந்து நேரம் அறிதல்

எந்த நேரத்தில் எடுப்பது? இதற்கு மணிக்கூட்டைவிட நிழலே நல்ல வழிகாட்டி. நம் வீடுகளுக்கு அந்தக் கணக்குப் புதியதல்ல. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்கு இருந்த நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது. அதாவது அஸரிலிருந்து உங்கள் நிழல் உங்களைவிடக் குறைவாக இராது. பறவைகளைப் படம் பிடிப்போரும் ஏறக்குறைய இதையே சொல்வார்கள்: நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்போது எடுங்கள், குட்டையானதும் நிறுத்துங்கள். நிழலும் உயரமும் சமமாக இருக்கும் நேரத்தில் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும். நம் நாட்டில் காலையில் ஏறக்குறைய 9 மணி வரையும், பின்னேரம் அஸரிலிருந்து மஃரிப் வரையும் சூரியன் அதற்குக் கீழே இருக்கிறது.

ஏன் அப்படி? தாழ்வாக நிற்கும் சூரியனின் ஒளி பக்கவாட்டில் வருகிறது. பறவையின் கண், அலகு, மார்பு எல்லாவற்றிலும் அது படும். காலைச் சூரியனின் ஒளி நம்மிடம் வர நெடுந்தூரம் காற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. வழியில் நீல ஒளி சிதறிப்போக, மஞ்சளும் செம்மையும் கூடுதலாக வந்து சேர்கின்றன. நமது தேசியப் பறவையான காட்டுக்கோழிச் சேவல் விடியற்காலையில் காட்டுப் பாதையோரம் இரை பொறுக்க வரும். அதன் செம்மஞ்சள் முதுகு அந்த வெளிச்சத்தில் தணல் போல இருக்கும். செந்நிறப் பூவின் நடுவிலுள்ள மஞ்சளும் தனியாகத் தெரியும். அதையே லுஹர் நேரத்தில் பாருங்கள். உச்சியிலிருந்து விழும் வெயில் முதுகை வெளிறச் செய்துவிடும். வயிறும் கண்ணும் இருளில் கிடக்கும். ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியிலும், ஆகஸ்ட் இறுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரையிலும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வந்து போகிறது. அந்நாட்களின் நடுப்பகலில் கமராவை அலுமாரியில் வைத்துவிட்டுச் சமையலைக் கவனிப்பதே நல்லது!

மேகமூட்டமான நாட்களை வீண் நாட்கள் என்று எண்ண வேண்டாம். மேகம் வானம் முழுவதையும் ஒரே வெள்ளை விளக்காக மாற்றிவிடுகிறது. நிழல்கள் மென்மையாகின்றன. இலைகளின் மினுமினுப்புக் குறைகிறது. கிளியின் பச்சையும் மாங்குயிலின் மஞ்சளும் அன்றைக்குத்தான் ஆழமாக வரும். மின்னும் இறகுகள் மட்டும் அந்நாளில் அடங்கிவிடும்.

கமராவின் கணக்கு

கமராவுக்குப் பறவை தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். தான் காணும் காட்சி நடுத்தரமான சாம்பல் வெளிச்சம் கொண்டது என்று எண்ணிக்கொண்டே அது கணக்குப் போடுகிறது. இதனால் மூன்று வகைப் பிழைகள் வரும்.

வயலில் நிற்கும் வெண்கொக்கைச் சுற்றி இருண்ட பச்சை இருந்தால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுவரில் அடித்த சுண்ணாம்பு போல வெறும் வெள்ளையாகிவிடும். ஓர் இறகும் பிரிந்து தெரியாது. அப்படி எரிந்துபோன வெள்ளையைப் பிறகு எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. ஆகவே கொக்குக்கு ஒளியைக் குறைக்க வேண்டும்.

படம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஒரு காகம் நின்றால் நடப்பது வேறு. கமரா கறுப்பையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதற்கும் ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

வெளிறிய வானத்தின் முன்னே கிளையில் அமர்ந்த குருவியோ இருண்டு, வெறும் நிழலுருவமாகிவிடும். அப்போது ஒளியைக் கூட்ட வேண்டும். அல்லது இரண்டடி நகர்ந்து, வானத்துக்குப் பதிலாக மரத்தின் இலைகள் பின்னணியில் வரும்படி நின்றுகொள்ள வேண்டும்.

பெரும்பாலான கையடக்கத் தொலைபேசிகளில்கூட, திரையில் பறவையின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறது. காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கம் பல படங்களைக் காப்பாற்றும்.

இறகின் நுணுக்கம்

நிறத்தைப் போலவே நுணுக்கமும் ஒளியின் கையிலேயே இருக்கிறது. சுவரில் பூசிய சாந்தின் மேடுபள்ளம் எப்போது தெரியும்? பக்கத்திலிருந்து வெளிச்சம் அடிக்கும்போதுதான். இறகும் அப்படியே. சற்றுச் சாய்வாக வரும் ஒளியில் ஒவ்வோர் இறகுக்கும் மெல்லிய நிழல் விழுந்து, அடுக்கு அடுக்காகத் தெரியும். கண்ணிலே ஒரு சிறு ஒளிப்புள்ளி விழுந்தால் பறவைக்கு உயிர் வந்தது போலிருக்கும்.

வெளிச்சம் குறைந்தால் இன்னொரு வகையில் நுணுக்கம் போகிறது. நல்ல வெயிலில் ஒளியுணர்வை 400 என்றும் துவாரத்தை 5.6 என்றும் வைத்தால் ஒரு செக்கனில் 3200இல் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுத்துவிடலாம். படபடக்கும் சிறகும் உறைந்து நிற்கும். அதே அமைப்போடு சிங்கராஜ வனத்தின் அடர்ந்த மரங்களுக்குக் கீழே போனால் பெரும்பாலும் 30இல் ஒரு பங்கு வேகம்கூடக் கிடைக்காது. குருவி தலையை அசைத்தாலே படம் கலங்கிவிடும். வேகத்தைக் கூட்டுவதற்காக ஒளியுணர்வை 3200, 6400 என்று ஏற்றினால், தவிடு தூவியது போலப் புள்ளிகள் வந்து இறகின் இழைகளைத் தின்றுவிடும். 36 படங்கள் கொண்ட படச்சுருளைப் பாவித்த காலத்தில் இந்தச் சிரமம் இன்னும் கூடுதலாக இருந்தது. இன்றைய கமராக்கள் அதைக் குறைத்திருக்கின்றனவே தவிர, நீக்கிவிடவில்லை.

மாரி காலத்தில் இந்தியாவிலிருந்து நம் வளவுகளுக்கு வரும் ஆறுமணிக் குருவியை அறிந்திருப்பீர்கள். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு என்று பல நிறங்களைத் தாங்கிய அது, புதருக்குக் கீழே இருட்டில் சருகுகளைக் கிளறிக்கொண்டிருக்கும். அந்த மங்கலில் நமது கண்ணே நிறத்தை முழுதாகக் காண்பதில்லை. மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் முற்றத்துச் செவ்வரத்தைப் பூவைப் பாருங்கள். சிவப்பு முதலில் கறுத்துப்போகும், பச்சை இலை அதன் பிறகும் சிறிது நேரம் தெரியும். கண்ணின் இந்த இயல்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞரும் பூக்களைப் பார்த்தே அவதானித்தார்.

எதிர்மாறாக, அளவுக்கு மிஞ்சிய வெயிலும் நுணுக்கத்தைக் கெடுக்கும். மன்னாரின் வங்காலைச் சரணாலயத்திலோ புத்தளத்து உப்பளங்களின் பக்கத்திலோ நடுப்பகலில் தூரத்துப் பறவைகளைப் பார்த்தால் அவை நீருக்குள் நெளிவது போலத் தெரியும். சூடேறிய காற்று அசைவதால் ஒளி முறிந்து முறிந்து வருகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்த நெளிவை நீக்காது. காலையில் போவது ஒன்றே வழி.

நிழல் பூசும் நிறம்

மரநிழலில் எடுத்த படத்தில் குருவியின் வெள்ளை வயிறு பச்சையாக வந்திருக்கும். இலைகளை ஊடுருவியும் இலைகளில் தெறித்தும் வரும் ஒளி பச்சை என்பதே காரணம். திறந்த வானத்தின் கீழுள்ள நிழலில் அதே வெள்ளை நீலம் பாரிக்கும், ஏனெனில் அங்கே வெளிச்சம் தருவது நீல வானம். கமராவில் ‘நிழல்’, ‘மேகம்’ என்று இருக்கும் தெரிவுகள் இதைச் சரிசெய்யவே. படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஏதேனும் ஒன்று வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. விடியற்காலையில் பூநாரைகள் சிவந்து தெரிந்தால் பக்கத்தில் நிற்கும் வெண்கொக்கைப் பாருங்கள். அதுவும் சிவந்திருந்தால், அந்தச் சிவப்பில் ஒரு பங்கு காலைச் சூரியனுக்குரியது.

இது வெறும் அழகு பற்றிய பேச்சல்ல. இந்தப் பறவை எது என்ற அறிவே இதில் தங்கியிருக்கிறது. 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிடியன் லோட்டன் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு தேன்சிட்டு நம் தோட்டங்களில் உண்டு. ஊதாத் தேன்சிட்டு என்ற இன்னொன்றும் உண்டு. மோசமான வெளிச்சத்தில் இரண்டின் ஆணும் கறுப்பு. லோட்டன் தேன்சிட்டின் நீண்டு வளைந்த அலகையும் அதன் வயிற்றின் மண்ணிறத்தையும் நல்ல ஒளி காட்டினால்தான் இரண்டையும் நிச்சயமாகப் பிரித்தறியலாம். பிறகு கணினியில் நிறத்தை இழுத்து ஏற்றி, இல்லாத ஊதாவை வயிற்றில் பூசிவிட்டால் படம் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. பார்த்ததைப் பார்த்தபடி வைப்பதற்கு ஓரளவு திருத்தலாம். பார்க்காததைச் சேர்க்கக் கூடாது.

கூட்டைத் திறக்காதீர்கள்

முன்னர் சொல்லாமல் விட்ட மோசமான முடிவு இதுதான். கூடு இருட்டில் இருக்கிறது, படம் தெளிவாக வரவில்லை. உடனே கூட்டை மறைத்த கிளைகளையும் இலைகளையும் வெட்டி வெளிச்சத்துக்கு வழி செய்கிறார்கள். படம் அழகாகத்தான் வரும். தாய்க்குருவி அந்த நிழலை வேலையில்லாமல் தேடிப் பிடிக்கவில்லை. பொரித்துச் சில நாட்களேயான குஞ்சுகளால் தம் உடலின் சூட்டைச் சமாளிக்க முடியாது. நேர் வெயில் பட்டால் சிறிது நேரத்தில் இறந்துபோகும். வெயிலுக்குத் தப்பினாலும், திறந்து கிடக்கும் கூட்டைக் காகம் காணாமல் விடாது. பலர் பார்த்துப் பாராட்டும் சில கூட்டுப் படங்களுக்குப் பின்னால் இப்படி வெறுமையான ஒரு கூடு இருக்கலாம்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆனால் வளவின் மூலையிலுள்ள எலுமிச்சை மரத்தில் சட்டம் வந்து காவல் நிற்காது. அங்கே காவல் நீங்கள்தான். பிள்ளை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் போனால் தடுத்து நிறுத்துங்கள். இரவில் கிளையில் உறங்கும் குருவியின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்க விடாதீர்கள். ஒளி வேண்டுமானால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் படம் இல்லாமலே இருக்கட்டும்.

உங்களிடம் இருக்கும் அறிவு

காடு மேடெல்லாம் போய்ப் படம் பிடிக்க எல்லாப் பெண்களுக்கும் வசதி வராது. எனினும் உங்களிடம் ஓர் அறிவு இருக்கிறது. காலையில் எந்தக் கொடியில் முதலில் வெயில் படும், நெல்லும் மிளகாயும் எங்கே காய வைத்தால் எத்தனை மணிவரை காயும், பின்னேர வெயில் எந்தச் சுவரில் சாயும் என்பதெல்லாம் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அத்துப்படி. வெளியூரிலிருந்து விலையுயர்ந்த கமராவோடு வருபவருக்கு உங்கள் வளவின் இந்தக் கணக்குத் தெரியாது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கிழமைக்குக் கமராவைத் தொடாமல் பிள்ளைகளோடு வளவைப் பாருங்கள். எந்த நேரத்தில் எந்தப் பூவில் வெயில் விழுகிறது, எந்தக் குருவி எப்போது அங்கே வருகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டும் சந்திக்கும் நேரம் ஒன்று நிச்சயம் கிடைக்கும். அந்த நேரத்தில், சூரியனுக்கு முதுகைக் காட்டி, அமைதியாக இருந்து எடுங்கள். கையிலிருக்கும் தொலைபேசியே தேன்சிட்டின் ஊதாவைப் பிடித்துவிடும். தவணைக்கு லென்ஸ் வாங்கும் கதை பிறகு பார்க்கலாம்.

அப்படிக் கிடைக்கும் மிகச் சிறந்த படத்திலும் ஒரு குறை மிஞ்சும். நிறத்தைப் பிரித்தறிய நமது கண்ணில் மூன்று வகை உணர்கலங்கள் இருக்கின்றன. பறவைகளுக்கு நான்கு. பெரும்பாலான பறவைகள் நாம் காணாத புற ஊதா ஒளியையும் காண்கின்றன. கமரா மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. எனவே ஆண் தேன்சிட்டின் கழுத்தில் அதன் பெண் காணும் நிறம் எதுவென்று எந்தப் படமும் நமக்குச் சொல்லாது. நமக்குக் காட்டப்பட்ட பங்கை மட்டும் நாம் பார்க்கிறோம். அந்தப் பங்கையாவது நிதானமாகப் பார்ப்போமே.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.